லெஸ்தாரியின் பெயரில்

காலை ஒன்பது இருபதுக்கு இடைவேளை மணி அடித்தது. 1985 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை.

கோழிகளைக் கொண்டுவரும் பட்டி நின்றது. மங்கையற்கரசி ரப்பர் கையுறைகளைக் கழற்றினாள். எதிரே நின்ற சுமியெம் கழற்றவில்லை. தனக்கு முன்னால் நின்றுபோன கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் இறக்கைகள் இன்னும் மடிக்கப்படவில்லை.

டென்மார்க்கில் கிரின்ஸ்டெட் என்ற சிறு பட்டணத்துக்கு வெளியே இருந்த அந்தக் கோழிப் பக்டரியில் இருவரும் ஏழு மாதமாக ஒரே மேசையில் நின்றார்கள். சுமியெம் இறக்கையை மடிப்பாள். மங்கையற்கரசி பையில் போடுவாள். ஒருத்தி ஜாவாத் தீவுக்காரி, நாற்பத்தெட்டு வயது. மற்றவள் மட்டக்களப்புக்காரி, முப்பத்தாறு. இருவரும் பேசிக்கொண்டது டேனிஷ். அந்த மொழியில் இருவருக்கும் நிகழ்காலம் மட்டுமே தெரியும்.

சிநேகிதம் சோற்றில் தொடங்கியது. முதல் நாள் சாப்பாட்டு அறையில் எல்லோரும் கறுப்பு ரொட்டியைப் பிரித்தார்கள். இருவர் மட்டும் சோற்றுப் பெட்டியைத் திறந்தார்கள். சுமியெம் எட்டிப் பார்த்தாள்.

"உன் வயலா?"

"இல்லை. கடை."

அடுத்த நாள் சுமியெம் ஒரு காகிதப் பையின் பின்பக்கத்தில் தன் வயலை வரைந்து கொண்டுவந்தாள். வாய்க்கால், வரம்பு, பக்கத்து வயல்காரன், தூரத்தில் சீனி ஆலை. அரை ஏக்கர். மங்கையற்கரசி பக்கத்தில் தன் வயலை வரைந்தாள். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் மூன்று ஏக்கர்.

"நீ பெரிய பணக்காரி," என்றாள் சுமியெம். "ஆனால் நான் இரண்டு முறை அறுக்கிறேன். நீ?"

"மழை வந்தால் ஒன்று."

"அப்போது சமம்."

சமம் இல்லை. ஆனாலும் இருவரும் சிரித்தார்கள்.

சுமியெம்மின் கதை நீளமானது அல்ல. சீனி ஆலைக்கு இயந்திரம் பூட்ட ஹென்னிங் என்ற டேனிஷ் மெக்கானிக் வந்தான். அவளைக் கட்டினான். 1970இல் கிரின்ஸ்டெட்டுக்குக் கூட்டிவந்தான். பிள்ளை இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் இதயம் நின்று செத்தான். மஞ்சள் செங்கல் வீடொன்று மிஞ்சியது. அதன் பிறகு அவளுக்கு ஒரே யோசனைதான். ஐம்பது வயதுவரை கோழி. பிறகு ஊர். வயலைத் தம்பி பர்மின் பன்னிரண்டு வருடமாகப் பாதி விளைச்சலுக்குச் செய்துவந்தான். மற்றப் பாதி ஒரு மனுசிக்குப் போதும். அரிசியைக் கைப்பிடியால் எண்ணி வைத்திருந்தாள். நாளைக்கு மூன்று பிடி. வெள்ளிக்கிழமை நாலு.

அன்று அவள் பெட்டியைத் திறக்கவில்லை. கோட்டிலிருந்து கடிதம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

"என் வயல் போகிறது."

"எங்கே?"

"நான் டேனிஷ். டேனிஷ்காரிக்கு அங்கே வயல் கிடையாது."

மங்கையற்கரசிக்கு விளங்கவில்லை. சுமியெம் விரல்களை மடித்துச் சொன்னாள்.

"அம்மா சாகிறாள், எழுபத்தொன்பது. என் பாஸ்போர்ட் பழசு. புதியது வர ஏழு கிழமை. நான் போகும்போது அம்மா மண்ணுக்குள். ஹென்னிங் சொல்கிறான், நீ டேனிஷ் ஆகு, நினைத்த நாளில் போகலாம், வரலாம். அவன் சாகிறான். பிறகு நான் டேனிஷ் ஆகிறேன். போன வருடம்."

"போய்வருவதற்கு."

"போய்வருவதற்கு."

இந்த ஜூலையில் அவள் போனாள். புதிய கடவுச்சீட்டுடன் மூன்று கிழமை. வெளியாள் ஒருவர் ஊரில் இரவு தங்கினால் ஒரு நாளுக்குள் ஊர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அது அந்த நாட்டு விதி. சுமியெம் வாழையிலையில் இனிப்புக் கட்டிக்கொண்டு போனாள். எழுதுவினைஞன் விருந்தாளிப் புத்தகத்தை எடுத்து வைத்தான். நான் இங்கே பிறந்தவள் என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். எந்த நாடு என்ற இடத்தில் அவள் டென்மார்க் என்று எழுதினாள். கடவுச்சீட்டைக் காட்டினாள். அவன் இலக்கத்தைப் பார்த்து எழுதினான்.

"என் எழுத்து அழகு என்கிறான்," என்றாள் சுமியெம்.

கடிதம் அந்தப் புத்தகத்தைப் பார்த்த ஊர்த் தலைவரிடமிருந்து வந்திருந்தது. மங்கையற்கரசி அவரை விதானையார் என்று வைத்துக்கொண்டாள். பிரசாவுரிமையை விட்டவர் காணியை ஒரு வருடத்துக்குள் அந்நாட்டுப் பிரசை ஒருவருக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அது அரசுக்குப் போகும். வருடம் முடிந்துவிட்டது. ஆனாலும் தூரத்து உறவென்பதால் ஜனவரி கடைசிவரை பொறுப்பதாக எழுதியிருந்தார்.

காப்பிக் கோப்பையுடன் நேசமலர் வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பெந்தெகொஸ்தே சபை, அதே பக்டரியில் ஈரல் பிரிக்கிறவள்.

"என்ன மங்கையக்கா, ரெண்டு பேரும் நாட்டைப் பிரிச்சுக் குடுக்கிற மாதிரி முகத்தை வைச்சிருக்கிறியள்?"

"இவட வயலுக்குக் கேடு வந்திட்டு."

"ஜெபிப்பம்," என்றாள் நேசமலர். பிறகு கடிதத்தைத் தலைகீழாகப் பார்த்தாள். "எங்கட வயலுக்கு முதல் ஜெபிச்சிட்டு மற்றதைப் பாப்பம்."

மணி அடித்தது.

*

வீட்டில் கணவன் சிவபாதம் பருப்பைக் கிளறிக்கொண்டு நின்றான். பகலில் டேனிஷ் வகுப்பு. மாலையில் சமையல். வேலை இன்னும் கிடைக்கவில்லை.

"என்னகா, இண்டைக்கும் ஜாவாக்காரிட வயல் உழுதுபோட்டா வாறாய்?"

மங்கையற்கரசி நடந்ததைச் சொன்னாள்.

"தம்பிட பேருக்கு எழுதிட்டுப் போகட்டுமே," என்றான் அவன். "பன்ரெண்டு வருசம் மிதிச்சவன் அவன்தானே."

"தம்பிக்கு எழுதினா அது தம்பிட பெண்சாதிக்குத்தான் போய்ச்சேரும்."

"எனக்கு எழுதியிருந்தா நான் ஆருக்குக் குடுத்திருப்பன்?"

"உங்கட தங்கச்சிக்கு."

அவன் கரண்டியைத் தட்டினான். "அது சரிதான்."

மட்டக்களப்புப் பக்கத்தில் வீடும் வயலும் கல்யாணத்தன்று பெண்ணின் பெயரில் எழுதப்படும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். சிவபாதம் ஒரு தகரப் பெட்டியுடனும் ஒரு சைக்கிளுடனும் வந்தான். சண்டை வந்தால், உன்ர வீட்ட நீயே வச்சிக்கொள் என்று சொல்லி வாவிக்கரைக்குப் போவான். சோற்று நேரத்துக்குத் திரும்புவான்.

"இஞ்ச வந்ததில ஒரு நன்மை," என்றான். "இது கொம்யூன் வீடு, நகரசபை குடுத்தது. நீயும் வந்தேறி, நானும் வந்தேறி. ஆரும் ஆரையும் வெளிய போ எண்டு சொல்லேலா."

"பகிடிய விடுங்க. பாவம் அந்த மனுசி."

"பாவம்தான். ஆனா அவங்கட ஊர் முறை என்னவோ ஏதோ. நீ வாய் வைக்காத புள்ள."

"நெல்லு விளையிற ஊரெல்லாம் ஒண்டுதான்."

சிவபாதம் பருப்பில் உப்புப் பார்த்தான்.

*

ஜனவரி மூன்றாம் கிழமை, செவ்வாய். இருவரும் லீவு எடுத்தார்கள். வயலை மாற்றி எழுத முத்திரை வேண்டும்; சுமியெம் பிறந்த நாட்டின் தூதரகம் கோப்பென்ஹேகனில் இருந்தது. தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று சுமியெம் சொன்னாள். பதினைந்து வருடம் அந்த நாட்டில் இருந்தவள்.

காலை பஸ்ஸில் வெயிலே என்ற பட்டணத்துக்கு. அங்கிருந்து ரயில். நியூபோர்க் துறைமுகத்தில் ரயில் பெட்டிகளைக் கப்பலுக்குள் தள்ளினார்கள். மங்கையற்கரசி அப்படியொன்றைக் கண்டதில்லை. ரயில் கப்பலுக்குள் நின்றது. ஆட்கள் படியேறி மேலே போய்க் காப்பி வாங்கினார்கள். கடலில் பனிக்கட்டிகள் மிதந்தன. கப்பல் அவற்றை உடைக்கும் சத்தம் கால்களில் கேட்டது.

சுமியெம் கைப்பையிலிருந்து தாள் ஒன்றை எடுத்தாள். ஊர்த் தலைவரின் முத்திரை இருந்தது. வயலின் எல்லைகள் இருந்தன. பெறுபவர் பெயருக்கு நேரே வெற்றிடம்.

"பர்மின் நல்லவன்," என்றாள்.

"ஓம்."

"பாதி தருகிறேன் என்று எழுதுகிறான். முந்திப் போல."

"நல்லது."

"பர்மின் நல்லவன்," என்றாள் மறுபடி.

மங்கையற்கரசி காப்பியைக் கீழே வைத்தாள். "மனைவி?"

சுமியெம் சன்னல் பக்கம் பார்த்தாள். "ஜூலையில் நான் அங்கே தூங்குகிறேன். அவள் காலையில் பாயைத் தூக்குகிறாள். நான் இன்னும் பாயில்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சுமியெம்முக்கு முதலில் நின்றது.

"வேறு ஆள் இல்லையா?"

ஒருத்தி இருந்தாள். அக்காவின் மகள் லெஸ்தாரி, இருபத்து நாலு வயது. அக்கா உயிரோடு இல்லை. வயலுக்குப் பக்கத்தில் அக்காவின் சிறிய வீட்டில் லெஸ்தாரி இருந்தாள். ஜூலையில் கடைசி ஐந்து இரவும் சுமியெம் அங்கேதான் படுத்தாள். அந்தப் பிள்ளை அவள் காலுக்கு எண்ணெய் தடவியது. அவர்கள் மொழியில் தாயின் தங்கையைச் சின்னத் தாய் என்பார்கள் என்றாள் சுமியெம்.

"எங்களிடமும் அதுதான்," என்றாள் மங்கையற்கரசி. "சின்னம்மா."

"சின்னம்மா," என்று சொல்லிப் பார்த்தாள் சுமியெம்.

"அவளுக்கு எழுது."

"பர்மின் உழுகிறான்."

"உழுகிறவன் வேறு. உடையவள் வேறு. அவள் உன் அக்காவின் மகள். உன் மகள்."

"அவள் கல்யாணம் செய்கிறாள், போன வருடம். கணவனுக்கு நிலம் இல்லை. கூலி வேலை."

மங்கையற்கரசிக்கு அது இன்னும் நல்லதாகப் பட்டது. நிலமில்லாத மாப்பிள்ளை பெண் வீட்டில் அடங்கி இருப்பான். அவள் கண்ட மாப்பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள்.

"கேள்," என்றாள். "எங்கள் ஊரில் மண் பெண்ணோடு இருக்கிறது. ஏன்? ஆண் போகிறான். பெண் இருக்கிறாள்."

"ஆண் போகிறான். பெண் இருக்கிறாள்," என்றாள் சுமியெம்.

இரண்டு பெண்களும் கப்பலில் இருந்தார்கள். அது மங்கையற்கரசிக்குத் தோன்றவில்லை.

சுமியெம் பேனாவை எடுத்தாள். மேசை அதிர்ந்துகொண்டிருந்தது. எதிர்க்கரையில் கோர்சோர் துறைமுகம் தெரியும்வரை பொறுத்திருந்து, கப்பல் நின்ற பிறகு எழுதினாள். லெஸ்தாரி.

தூதரகத்தில் இருபது நிமிடம் ஆனது. கண்ணாடி போட்ட அதிகாரி தாளைப் படித்தார். ஏதோ கேட்டார். சுமியெம் தலையாட்டினாள். அவர் இன்னொரு முறை கேட்டார். பிறகு முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் மங்கையற்கரசி கேட்டாள். "என்ன சொல்கிறார்?"

"வழக்கமாக உழுகிறவனுக்குத்தான் கொடுக்கிறார்கள் என்கிறார். யோசித்துத்தான் எழுதுகிறீர்களா என்கிறார்."

"அவர் நகரத்து ஆள்."

"ஓம்," என்றாள் சுமியெம். மங்கையற்கரசியிடமிருந்து பிடித்துக்கொண்ட சொல் அது.

ரயில் நிலையத்து வாங்குப் பலகையில் அமர்ந்து சோறு சாப்பிட்டார்கள். சோறு குளிர்ந்து கட்டியாகியிருந்தது. சுமியெம் தன் சம்பலில் பாதியை மங்கையற்கரசியின் பெட்டியில் வைத்தாள். அவர்கள் நாட்டிலும் அதற்குச் சம்பல் என்றுதான் பெயர்.

*

ஏப்ரலில் லெஸ்தாரியின் கடிதம் வந்தது. உள்ளே ஒரு படம். வரம்பில் லெஸ்தாரியும் கணவனும். அவன் கையில் மண்வெட்டி. பின்னால் நாற்று. சின்னம்மா வாருங்கள், உங்கள் கட்டிலைச் சன்னல் பக்கம் போட்டிருக்கிறோம் என்று எழுதியிருந்தாள்.

சுமியெம் படத்தைச் சோற்றுப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டினாள்.

பர்மின் எழுதவில்லை. வயலை இப்போது லெஸ்தாரியின் கணவன் செய்தான். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு பர்மினுக்குப் பாதி இல்லை.

"கோபம்," என்றாள் சுமியெம். "நான் போகிறேன். நான் பேசுகிறேன். கோபம் போகும்."

மங்கையற்கரசி வீட்டில் படத்தைப் பற்றிச் சொன்னாள்.

"பாத்தீங்களா? பொம்புளப் பிள்ளைக்கு எழுதினதால இப்ப கட்டிலும் போட்டிரிக்காள்."

"நல்லம்," என்றான் சிவபாதம். "அந்தத் தம்பிக்காரன் இப்ப என்ன செய்யிறான்?"

"எனக்கென்ன தெரியும்?"

"இல்ல, சும்மா கேட்டன்."

ஐம்பது வயதுவரை காத்திருக்க வேண்டாம் என்று சுமியெம் முடிவெடுத்தாள். டேனிஷ்காரி அந்த நாட்டில் இரண்டு மாதம்தான் இருக்கலாம். அதற்கு மேல் இருக்க அனுமதி வேண்டும். ஊரில் வீடும் நிலமும் உள்ள ஒருவர் பொறுப்பு நிற்க வேண்டும். லெஸ்தாரி நிற்பதாக எழுதினாள். ஜூன் மாதம் மஞ்சள் வீட்டின் முன் விற்பனைப் பலகை நட்டார்கள். ஓகஸ்ட் தொடக்கத்தில் ஒரு இளம் தம்பதி வாங்கினார்கள். ஒக்டோபர் முதலாம் திகதி சாவி. நாலாம் திகதி விமானம். செப்டெம்பர் பத்தொன்பதாம் திகதியோடு வேலையை விட்டாள்.

கடைசி நாள் சாப்பாட்டு அறையில் கேக் வைத்தார்கள். கேக்கில் சின்ன டேனிஷ் கொடிகள் குத்தியிருந்தன. மேற்பார்வையாளர் அவளைக் கட்டிப்பிடித்தார். அவளுடைய இடத்துக்கு வந்த பெண்ணும் ஒரு துண்டு வாங்கிக்கொண்டாள்.

"ஜாவாக்கா போனா இனி ஆர் எங்களுக்குச் சம்பல் தருவினம்?" என்றாள் நேசமலர். "மங்கையக்கா, நீங்களும் ஒரு நடை போய்ப் பாத்திட்டு வாங்கோவன். உங்கட அகதிப் பயணப் புத்தகத்தில எல்லா நாட்டுக்கும் போகலாம் எண்டுதானே போட்டிருக்கு. சொந்த நாட்டைத் தவிர."

"உன்ர புத்தகத்தில மட்டும் வேற போட்டிரிக்கோ?"

"என்ர புத்தகத்தில பரலோகம் போட்டிருக்கு."

சுமியெம் என்னவென்று கேட்டாள். மங்கையற்கரசி பாதியை மொழிபெயர்த்தாள். சுமியெம் சிரித்தாள். அன்று அவள் எதற்கும் சிரித்தாள். கொடிகளைத் துடைத்துக் கைப்பையில் வைத்தாள், ஊர்ப் பிள்ளைகளுக்கு.

*

செப்டெம்பர் இருபத்திரண்டாம் திகதி, திங்கள். வேலை மூன்று மணிக்கு முடிந்தது. பக்டரி வாசலில் சுமியெம் நின்றாள். தலையில் எதுவும் கட்டவில்லை. மழை தூறியது.

"வா," என்றாள்.

மங்கையற்கரசி சைக்கிளை உருட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தாள். மஞ்சள் வீட்டுக்குப் போனார்கள்.

கூடத்தில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. சோபா இல்லை. திரைச்சீலை இல்லை. இரண்டு கதிரைகளும் ஒரு மேசையும் மிஞ்சின. மேசையில் கடிதம். பர்மின் எழுதியது. ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை.

சுமியெம் ஒவ்வொரு வரியாகப் பார்த்துச் சொன்னாள்.

அரசாங்கம் ஜாவாவிலிருந்து ஆட்களைச் சுமாத்ராவுக்கு அனுப்புகிறது. போகிற குடும்பத்துக்கு இரண்டு ஹெக்டேயர் காடு, ஒரு பலகை வீடு, ஒரு வருடத்து அரிசி. லெஸ்தாரியின் கணவன் பெயர் கொடுத்தான். நிலமில்லாதவனுக்குத்தான் முதலிடம், உன் மனைவிக்கு வயல் இருக்கிறதே என்று எழுதுவினைஞன் பெயரை வெட்டினான். மூன்று நாளில் வயலை விற்றார்கள். வீட்டையும் விற்றார்கள். எழுதுவினைஞன் பெயரைத் திரும்ப எழுதினான். ஓகஸ்ட் பதினோராம் திகதி நாற்பது குடும்பங்களோடு பஸ்ஸில் போனார்கள்.

"வாங்குகிறவன் யார்?" என்றாள் மங்கையற்கரசி.

"செங்கல் சூளைக்காரன்."

"அவன் நெல்லுப் போடுகிறானா?"

"அவன் மண்ணை எடுக்கிறான்." சுமியெம் தன் இடுப்பில் கை வைத்துக் காட்டினாள். "இவ்வளவு ஆழம். பர்மின் அங்கே மண் சுமக்கிறான். நாள் கூலி. அக்காவின் வீட்டில் சூளை ஆட்கள் தூங்குகிறார்கள்."

மங்கையற்கரசி கடிதத்தைப் பார்த்தாள். அதில் அவளுக்கு ஒரு எழுத்தும் விளங்காது. கடைசி வரியின் கீழ் கோடு போட்டிருந்தது.

"இது என்ன?"

"லெஸ்தாரி சொல்லச் சொல்கிறாள். சின்னம்மாவுக்குச் சுமாத்ராவில் இடம் உண்டு."

"சுமாத்ராவில் எங்கே?"

"பர்மினுக்குத் தெரியாது. பஸ் ஆட்களுக்கும் தெரியாது. இறங்கும்போது சொல்கிறார்களாம்."

வாசல் மணி அடித்தது. வீட்டை வாங்கிய தம்பதி நின்றார்கள். சன்னல் அளக்க வந்தார்கள். நேரம் சரியில்லையென்றால் பிறகு வருகிறோம் என்றான் கணவன். சரி, சரி என்றாள் சுமியெம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவர்கள் உள்ளே வந்தார்கள். மனைவிக்கு ஆறேழு மாத வயிறு. அவன் அளவு நாடாவைப் பிடித்தான். அவள் இலக்கத்தைச் சின்னப் புத்தகத்தில் எழுதினாள். ஒவ்வொரு சன்னலையும் இரண்டு முறை அளந்தார்கள்.

"பின்னால் நிற்கிற ஆப்பிள் காய்க்குமா?" என்று அவள் கேட்டாள்.

"காய்க்கிறது," என்றாள் சுமியெம். "நிறைய."

"நாலாம் திகதிதானே பயணம்? எவ்வளவு ஆசையாக இருக்கும் உங்களுக்கு."

"ஆம்."

"அங்கே இப்போது வெயில்தானே?"

"ஆம். வெயில்."

சுமியெம் அவர்களுக்குக் காப்பி ஊற்றினாள். கோப்பைகள் பெட்டிக்குள் போய்விட்டன. சோற்றுப் பெட்டியின் மூடியிலும் ஒரு சுடுதண்ணிப் போத்தல் மூடியிலும் ஊற்றிக் கொடுத்தாள். தம்பதி அதைப் பெரிய விளையாட்டாக எடுத்துக்கொண்டு குடித்தார்கள். மூடிக்குள் ஒட்டியிருந்த படம் இல்லை. பசை மட்டும் இருந்தது. போகும்போது அவன் வீட்டுச் சுவரை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தான். நல்ல வீடு என்றான்.

கதவு மூடிக்கொண்டது.

"பக்டரியில் கேட்போம்," என்றாள் மங்கையற்கரசி. "உன் இடம்."

"இன்று காலையில் கேட்கிறேன். ஆள் இருக்கிறது என்கிறார்கள். வசந்தத்தில் வா என்கிறார்கள்."

"வீட்டை விற்கவில்லை என்று சொல்."

"கையெழுத்து."

"விமானம்?"

"பணம் திரும்பாது." சுமியெம் மேசையைத் துடைத்தாள். "போகலாம். இரண்டு மாதம். விருந்தாளி."

"எங்கள் வீட்டுக்கு வா. அறை இருக்கிறது."

அறை இருக்கவில்லை. இருந்தது ஒரு அறை. அதில் அவளும் சிவபாதமும் படுத்தார்கள். கூடத்தில் சிவபாதத்தின் தம்பி, அகதி முகாமிலிருந்து போன மாதம் வந்தவன். சுமியெம்முக்கு அது தெரியும். நன்றி என்று மட்டும் சொன்னாள்.

மங்கையற்கரசி மன்னிப்புக் கேட்க நினைத்தாள். டேனிஷில் அதற்கு ஒரு சொல் தெரியும். பஸ்ஸில் ஆள்மேல் மோதினால் சொல்வது.

"நான் கப்பலில் சொல்கிறேன்," என்றாள். "நான் சொல்லாவிட்டால் நீ பர்மின் என்று எழுதுகிறாய்."

"ஆம்," என்றாள் சுமியெம்.

கோபமாகச் சொல்லவில்லை. சரியான விடைக்குச் சரி போடுவது போலச் சொன்னாள்.

"லெஸ்தாரி கெட்டவள் இல்லை," என்றாள் பிறகு. "புருசன் போகிறான். அவளும் போகிறாள். நானும் அப்படித்தான்."

மழை பலத்தது. பின்வளவில் ஆப்பிள்கள் விழும் சத்தம் கேட்டது. சுமியெம் எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

அப்போதுதான் மங்கையற்கரசிக்கு அருள்நாயகி ஞாபகம் வந்தாள். சொந்த ஊர். அவள் வீட்டிலிருந்து நாலாவது வளவு. அருள்நாயகியின் புருசன் கொழும்பில் கடை போடப் போவதாகச் சொன்னான். சீதன வயலையும் வீட்டையும் விற்றுவிட்டு அவளும் போனாள். எழுதிக் கொடுத்த தாய் சின்னமணி பள்ளிக்கூடத்துச் சமையல் கொட்டிலில் படுத்தாள். பகலில் அடுப்பு எரியும் என்பதால் இரவில் அங்கே குளிர் தெரியாது என்று ஊரார் சொன்னார்கள். இரண்டு மழைக்காலம் அப்படி இருந்தாள். மங்கையற்கரசி அவளுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். சின்னமணி தூக்குச் சட்டியைக் கழுவித் திருப்பித் தருவாள். இதெல்லாம் தெரிந்திருந்தும் கப்பலில் ஒன்றும் நினைவில் வரவில்லை. முறைதான் நினைவில் வந்தது.

சுமியெம் கதிரையை இழுத்துப்போட்டு அவளுக்கு நேரே இருந்தாள். கைகளை மடியில் வைத்தாள். வயலைப் பற்றிக் கேட்கும்போது எப்போதும் கேட்கும் குரலில் கேட்டாள்.

"மங்கை, உன் ஊரில் பெண்ணுக்குக் கொடுக்கிறார்கள். அந்தப் பெண் விற்றுவிட்டுப் போகிறாள். கொடுத்தவள் பிறகு எங்கே இருக்கிறாள்?"